மூடிக்குள் ஒரு பெயர்

வலது கட்டைவிரல் கம்பிகளைத் தள்ளியது. இடது கை அவை பிரிந்துபோகாதபடி சேர்த்துப் பிடித்திருந்தது. ஒரு தடவைக்கு நான்கு கம்பிதான். அவசரப்பட்டு ஐந்தாவதையும் சேர்த்துத் தள்ளினால் இரும்பு விளிம்பில் உரசிக் கம்பியின் மேல்பூச்சு போய்விடும். போனது அப்போது கண்ணுக்குத் தெரியாது. என்றைக்காவது தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது புகையாகத் தெரியும்.

நான்கு கம்பி உள்ளே போனதும், சீவிய மூங்கில் சிம்பு ஒன்று அவற்றை அடிவரை அழுத்தியது. பிறகு அடுத்த நான்கு. மோட்டாரின் இரும்பு வயிற்றுக்குள் வட்டமாக முப்பத்தாறு பள்ளங்கள். ஒரு காயிலுக்கு, அதாவது ஒரு கம்பிச்சுருளுக்கு, முப்பத்திரண்டு சுற்று. வலது கட்டைவிரலின் நகம் மட்டும் மற்ற நகங்களைவிட நீளமாக, செம்பு நிறம் ஏறிப்போய் இருந்தது. பின்னிக்கொண்ட கம்பிகளைப் பிரிக்க அந்த நகத்தைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்தக் கைகள் ஆனந்தமேரியுடையவை. முப்பத்தெட்டு வயது. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில், வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போன சேலையை மாற்றிவிட்டு, கறிக்குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, இந்த ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் முன்னால் வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"குழம்பு அடிப்பிடிக்குது புள்ள," என்று வாசற்படியிலிருந்து அவள் கணவன் ஸ்டீபன்ராஜ் சொன்னான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் சட்டை போடாமல் இருப்பான்.

"இறக்கி வைங்க."

"இறக்கிட்டேன். கொஞ்சம் தின்னும் பாத்துட்டேன். உப்பு கம்மி. ஒனக்கு நெனப்பெல்லாம் எரியோட்டுல இருக்கு."

 பதினெட்டு, பத்தொன்பது என்று உதடு எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணும்போது அவளிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் சொன்னது சரி. அவள் நினைப்பு எரியோட்டில்தான் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், எரியோடு ஊரில் ஒரு கடையின் மேற்கூரையில் தொங்கிய ஓர் இரும்புக் கொக்கியில் இருந்தது.

பதினாறு வருஷமாக அவளுக்கு வேலை பேகம்பூர்ப் பக்கம் கிளெமென்ட் அண்ணன் பட்டறையில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை. எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பழைய கம்பியை வெட்டி எடுக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். கரியும் புகையுமான அந்த வேலையை யாரும் ஒரு வருஷத்துக்கு மேல் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள். வெட்டி எடுத்த காயில்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பாள். எத்தனை சுற்று, என்ன கனம், எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு. மகள் ஐரினின் பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதி வைப்பாள். ஒருவரும் சொல்லித்தரவில்லை. மூன்றாம் வருஷம் பட்டறையில் ஆள் குறைந்தபோது ஒரு மோட்டாருக்குப் புதுக் கம்பி கட்டி வைத்துவிட்டு, கிளெமென்ட் முன்னால் போய் நின்றாள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இதை யாரு கட்டுனா?" என்றார்.

கட்டி முடித்த காயில்களில் பள்ளத்துக்கு வெளியே வளைந்து நிற்கிற தலைப்பை நூலால் இறுக்க வேண்டும். பட்டறையில் அதற்கு ஒரு முடிச்சு உண்டு. அவளுக்கு அது வரவில்லை. சிறுவயதில் நிலக்கோட்டைப் பூந்தோட்டத்துப் பூவைக் கூலிக்குத் தொடுத்த கை. அந்தக் கைக்குத் தெரிந்த முடிச்சையே போட்டாள். "மோட்டாருக்கு மல்லிகப்பூ கட்டி விட்டுருக்கியேம்மா, எந்தச் சாமிக்குப் போகுது?" என்று கிளெமென்ட் சிரித்தார். ஆனால் இழுத்துப் பார்த்தபோது நூல் அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

மோட்டார் மூடியை மாட்டுவதற்குமுன் அதன் உட்புறத்தில் ஆணியால் ஒரு எழுத்தும் தேதியும் கீறுவது பட்டறை வழக்கம். எழுத்து 'கி'. யார் கட்டினாலும் 'கி'தான். ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஆனந்தமேரி கேட்டே விட்டாள்.

"அண்ணே, நான் கட்டுறதுல ஓரமா என் எழுத்தையும் போட்டுக்கிரட்டா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"அது பேரு போடுற எடமில்லம்மா. நாளைக்குப் பொகஞ்சு வந்துச்சுன்னா எவன் சட்டையப் பிடிக்கணும்னு அடையாளம். என் சட்டையப் பிடிக்கட்டும். ஒன்னய எதுக்கு."

நல்ல மனுஷன்தான். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அவளுக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து. ஆனந்தமேரி மோட்டார் ரீவைண்டிங். எழுத்தை நடுவில் எழுதுவதா, ஓரத்தில் ஒரு மோட்டார் படம் போடுவதா என்பதுவரை அவளுக்குள் முடிவாகியிருந்தது. தெருவில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் மனசு அதில் எழுத்துகளை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிப் பார்க்கும்.

சோலைமுத்து எரியோட்டுக்காரர். அறுபதை நெருங்கியவர். தக்காளியும் மிளகாயும் போடுகிறார். மெயின் ரோட்டில் வரிசையாக மூன்று கடைகள் அவருக்குச் சொந்தம். பங்குனிக் கடைசியில் வேறொரு வேலையாகப் பட்டறைக்கு வந்தவர், கிளெமென்ட் வெளியே போயிருந்ததால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, நீயேவா கட்டுற?"

"ஆமாய்யா."

"முழுசா?"

"முழுசாத்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். தன் கடைகளில் நடுக்கடை காலியாகியிருக்கிறது என்றார். டயர் கடைக்காரன் போய்விட்டான். எரியோட்டைச் சுற்றி எந்த ஊரில் மோட்டார் எரிந்தாலும் திண்டுக்கல்லுக்குத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. "வந்து பாத்துட்டுப் போ தாயி. சும்மா பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் ஸ்டீபன்ராஜும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை. முன்னால் ஒரு வேம்பு. மூன்று பேஸ் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. சுவரில் டயர் வைத்த கறுப்பு வட்டங்கள். ஸ்டீபன்ராஜ் ஷட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேலே பார்த்தாள். குறுக்கு இரும்பில் ஒரு கொக்கி. கட்டைவிரல் கனம். அதில் சங்கிலிக் கப்பியை மாட்டினால் எவ்வளவு பெரிய மோட்டாரையும் ஒரு பெண் தனியாகத் தூக்கி இறக்கலாம். பட்டறையில் ஒவ்வொரு தடவையும் அவள் "அண்ணே, ஒரு கை" என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. கொக்கியைப் பார்த்த அந்த நிமிஷத்தில் கடை அவளுடையதாகிவிட்டது. சன்னலோரம் வேலை மேசை. வெயில் விழுகிற மூலையில் வார்னிஷ் காய்கிற இடம். எல்லாம் தானாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

"செல்போன் கடைக்காரன் ஒருத்தனும் கேக்குறான்," என்றார் சோலைமுத்து. "எனக்கு மோட்டார் கடைதான் வேணும். ஆனா ஊருல சொல்லுவாங்கெ, பொம்பள கட்டுன மோட்டார் கெணத்துக்குள்ள நிக்குமான்னு. அதுக்கு நான் பதில் சொல்லணும்ல? என் மோட்டாரு பங்குனில பொகஞ்சு போச்சு. ஒங்க கிளெமென்ட் கட்டுனதுதான். ஏழு மாசம் கூட ஓடல. நான் கம்பி வாங்கித் தாரேன். நீ ஒன் வீட்டுல வச்சு ஒத்தையில கட்டு. சரியா வந்துச்சுன்னா சாவி ஒன் கையில."

நேற்று, சனிக்கிழமை மாலை, அந்த மோட்டார் வந்து இறங்கியது. வெளிச்சம் இருக்கும்போதே மூடியைக் கழற்றினாள்.

உள்ளே 'கி' என்ற எழுத்து. போன ஆவணியின் தேதி. அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது காயிலின் தலைப்பில் இருந்தது. நூல் கருகியிருந்தாலும் முடிச்சு அவிழவில்லை. பூக்கட்டுகிற முடிச்சு.

அந்த ஆவணியில் கிளெமென்ட் காய்ச்சலில் படுத்திருந்தார். பத்து நாள் வந்த மோட்டார்களையெல்லாம் அவள்தான் கட்டினாள்.

 எங்கே தப்பு செய்தோம் என்று தேடத் தொடங்கினாள். உளி வைத்துத் தலைப்பை வெட்டினாள். சுற்றுகளை எண்ணினாள். முப்பத்திரண்டு. கம்பியின் கனமும் சரி. கம்பிக்கு அடியில் வைக்கிற காப்புப் பேப்பர் சரியான இடத்தில் இருந்தது. கட்டினதில் தப்பு இருந்தால் ஓர் இடத்தில் மட்டும் பொத்துக்கொண்டு எரிந்திருக்கும். இது அப்படி எரியவில்லை. மூன்று பேஸ் காயில்களில் இரண்டு பேஸ் முழுக்கக் கரி. மூன்றாவது புதுக் கம்பி போல மின்னியது.

அப்படி எரிவதற்கு ஒரே காரணம்தான். மூன்று பேஸ் மின்சாரம் வராத நேரத்தில், கண்டன்சர் மாட்டி, இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேர் செய்கிற வேலை. ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

அப்போது வந்த நிம்மதி இருட்டுவதற்குள் போய்விட்டது. ஏனென்றால் இதைச் சொன்னால் சோலைமுத்துவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

குழம்பை இறக்கி வைத்த ஸ்டீபன்ராஜ் அவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவளுக்கு முப்பத்திரண்டாவது சுற்று முடிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

"அவரு ஒன்ட்ட கேட்டாரா, ஏன் எரிஞ்சுச்சுன்னு?"

"கேக்கல."

"அப்புறம் ஏன் சொல்ற? சாவிய வாங்கு மொதல்ல. பலகைய மாட்டு. பத்து மாசம் கழிச்சு மெதுவா, அய்யா கண்டன்சர் போடாதீங்கன்னு சொல்லு."

"அதுக்குள்ள இதுவும் எரிஞ்சிரும்."

"எரிஞ்சா இன்னொருவாட்டி கட்டு. வேலைக்கு வேலையாச்சு." அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலை இறக்கினான். "மேரி, அதுல ஒன் பேரா இருக்கு? கிளெமென்ட் பேருதான இருக்கு?"

"முடிச்சு என்னுது."

"முடிச்ச யாரு பாக்குறா."

 எழுந்து குழம்புக்கு உப்புப் போடப் போனாள்.

திங்கட்கிழமை கிளெமென்ட் பட்டறைக்கு வந்ததும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். பத்து மணி டீ வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"எரியோட்டுல டீக்கடையில ஒக்காந்து ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருக்காராம். நம்ம கட்டுன மோட்டாரு ஏழு மாசத்துல பொகஞ்சிருச்சாம். கிளெமென்ட்டுக்குக் கை போயிருச்சாம்."

ஆனந்தமேரியின் நகம் கம்பிகளுக்கு நடுவே நின்றது.

"ஆவணி மாசம்," என்று கிளெமென்ட் நோட்டைப் பார்த்தபடி சொன்னார். "அப்ப எனக்குக் காய்ச்சல்..." நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.  பிறகு நோட்டை மூடினார். "சரி விடு. மார்க் என்னுது. கை போயிருச்சுன்னா போயிருச்சுன்னு வச்சுக்கிருவோம். அந்த மோட்டாரத் தூக்கிக்கிட்டு வந்தா நல்லா இருக்கும். ஏன் எரிஞ்சுச்சுன்னு ஒரு தடவ பாத்துருவேன்."

அந்த மோட்டார் அவள் வீட்டுப் பின்புறத்தில் சாக்கின் மேல் இருந்தது. அவள் டீயைக் குடித்தாள். டீ ஆறியிருந்தது. எதிரே இருந்த மோட்டாரில் எத்தனையாவது சுற்றில் நின்றோம் என்பது மறந்துபோய், முழுக்க உருவி எடுத்து ஒன்றிலிருந்து தொடங்கினாள். பதினாறு வருஷத்தில் எண்ணிக்கை தவறியது அன்றுதான்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கொக்கி ஞாபகம் வந்தது. சன்னலுக்கு வெளியே ஓடுகிற கடைப் பலகைகளில் நீலத்தில் எழுதியவை மட்டும் கண்ணில் பட்டன. இந்தக் கடை போனால் இன்னொரு கடை வராது என்று இல்லை. ஆனால் மூன்று பேஸ் மின்சாரமும், கொக்கியும், மோட்டார் கடைதான் வேண்டும் என்று சொல்கிற சொந்தக்காரரும் ஒரே இடத்தில் சேர்ந்து வர இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? முப்பத்தெட்டு வயசிலும் நடக்காத ஆசையை இன்னும் எத்தனை வயசுவரை சுமக்கலாம்?

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் கடைசிக் காயிலை இறக்கினாள். சாயங்காலம் வந்து தலைப்புகளைச் சேர்த்து நூல் கட்டினாள். கை தானாகவே பூக்கட்டியது. ஒரு கொத்து, ஒரு சுற்று, ஓர் இறுக்கம். புதன்கிழமை முழுக்க வார்னிஷ் வெயிலில் காய்ந்தது. தெருப் பிள்ளைகள் தொடாமல் இருக்க ஐரின் அதன்மேல் பழைய மீன்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அன்று மாலை மூடியை மாட்டுமுன் உட்புறத்தைத் துடைத்தாள். 'கி' என்ற எழுத்தும் ஆவணித் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. அதை உரசி அழிக்கத்தான் அரத்தை எடுத்தாள். அரம் இரும்பைத் தொடவில்லை. திரும்ப வைத்துவிட்டு ஆணியை எடுத்தாள். பழைய தேதிக்குப் பக்கத்தில் 'ஆனந்தமேரி' என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்றைய தேதியையும் எழுதி, மறுபடியும் தன் பெயரை முழுசாகக் கீறினாள். வார்ப்பிரும்பில் 'ந்த' எழுதுவது கஷ்டம். இரண்டு தடவையும் கோணலாகத்தான் வந்தது. போல்ட்டுகளை முறுக்கினாள்.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கு சோலைமுத்து குட்டியானைச் சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். வண்டியை அவரே ஓட்டி வந்திருந்தார். சட்டைப்பையில் சாவிக்கொத்து துருத்திக்கொண்டிருந்தது.

ஆனந்தமேரி மின்கசிவைச் சோதிக்கிற மெக்கரை மாட்டிக் காட்டினாள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் ஏறிக் கடைசிக் கோட்டில் போய் நின்றது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பொம்பள கைதான் பொறுமையான கை. நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"அய்யா, ஒரு நிமிஷம்." வெட்டி எடுத்து வைத்திருந்த பழைய தலைப்பைத் தரையில் வைத்தாள். கரி, கரி, அதன் நடுவே மின்னுகிற செம்பு. "இது ஒங்க பழைய காயிலு. ரெண்டு பேஸு கருகியிருக்கு. ஒண்ணு புதுசா இருக்கு. கண்டன்சர்ல ஓட்டுனா இப்பிடித்தான் எரியும்."

சோலைமுத்து குனிந்து பார்த்தார். மின்னுகிற கம்பியை விரலால் தடவினார்.

"எவன்தான் ஓட்டல?" என்றார். "மூணு பேஸு எப்ப வரும்னு தக்காளிச் செடிக்குத் தெரியுமா தாயி? பூ பிடிக்கிற நேரம். கண்ணு முன்னால வாடுது. நீயா இருந்தா பாத்துக்கிட்டு நிப்பியா?"

"நிக்கமாட்டேன்ய்யா. ஆனா கட்டுனவுகளக் கொற சொல்லமாட்டேன்."

"கிளெமென்ட்டு ஒங்க மொதலாளி. அதான் விட்டுக் குடுக்க மாட்டேங்குற."

"அவுக கட்டல. ஆவணில இதக் கட்டுனதும் நாந்தான்."

அவர் அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற ஸ்டீபன்ராஜ் தலையைத் திருப்பிக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்தான்.

"ஏத்தா," என்றார் சோலைமுத்து மெதுவாக. "நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் சாவி ஒன் கையில."

"தெரியும்ய்யா."

"இப்ப நான் கண்டன்சரக் கழட்டணும். டீக்கடையில போயி, தப்பு என் மேலதான்னு சொல்லணும். அப்புறம் ஒனக்குச் சாவியும் தரணும். இம்புட்டையும் ஒரே நாளுல என்னால முழுங்க முடியாது."

"சாவிய விடுங்க. டீக்கடையில மட்டும் சொல்லிருங்க. அங்க சொன்னத அங்கயே மாத்திச் சொல்லிருங்க. அண்ணன் மூணு நாளா நோட்டப் பொரட்டிக்கிட்டு இருக்காரு."

அவர் சட்டைப்பையைத் தொட்டார். சாவிக்கொத்து குலுங்கியது. கையை எடுத்துவிட்டார். "செல்போன்காரன் நாளைக்கு வாரான்," என்றார், அவளிடம் இல்லை, தரையில் கிடந்த காயிலிடம் சொல்வது போல. "டீக்கடையில சொல்றேன். அத மட்டும் சொல்றேன்."

அவளுக்கு ஒரு நொடி அந்த வேம்பும், சுவரில் இருந்த கறுப்பு வட்டங்களும், மேலே தொங்கிய கொக்கியும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. சன்னலோரத்து மேசை அங்கே இன்னும் வெயிலில்தான் இருந்தது. அதில் செல்போன் உறைகளை அடுக்கி வைப்பார்கள் போல. அவள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு மோட்டாரின் ஒரு பக்கம் போய்க் குனிந்தாள். ஒன்பது மணிக்குப் பட்டறையில் இருக்க வேண்டும். இந்த மோட்டார் எங்கே இருந்தது என்பதை அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

சோலைமுத்து மறுபக்கம் பிடித்தார். தூக்குமுன் ஏதோ நினைத்தவராக நின்றார்.

"இதுலயும் ஒங்க பட்டறைக் 'கி'தான் போட்டிருக்கியா?"

"இல்ல. என் பேரப் போட்டிருக்கேன்."

"எங்க?"

"உள்ள. மூடிக்குள்ள."

"காமிச்சிருக்கலாம்ல. பாத்திருப்பேன்."

"போல்ட்டு முறுக்கியாச்சுய்யா. இனி அதப் பாக்கணும்னா இது எரியணும்." அவள் கையை நன்றாக அடியில் கொடுத்தாள். "நீங்க பாக்கவே வேணாம். பிடிங்க."

இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். வண்டியின் தளத்தில் விரித்திருந்த வைக்கோல்மேல் மோட்டார் உட்கார்ந்தது. அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, அவள் கையை எடுத்தாள்.